மாட்டுப் பொங்கல் ராத்திரி கோயில் திடலில் ‘மிஸ்ஸியம்மா’: திரை, சத்தம், பனி, பூச்சி பற்றி யோசனை வேண்டும்

கோரையாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் எங்கள் ஊர். வருகிற மாட்டுப் பொங்கல் அன்று ராத்திரி பிள்ளையார் கோயில் திடலில் பழைய குடும்பப் படம் ஒன்று போடுவதாக மன்றத்தில் முடிவாகியிருக்கிறது. டிக்கெட் கிடையாது. 150 பேர் வருவார்கள், அதில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள்.

தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்த சிரிப்புப் படமாக இருக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்ல, ‘மிஸ்ஸியம்மா’, ‘மனிதன் மாறவில்லை’ இரண்டு பெயர் வந்தது. இதில் எது ரீமேக், எது திடலுக்குப் பொருந்தும்?

திடல் கிழக்கு மேற்கில் 60 அடி, தெற்கு வடக்கில் 45 அடி. கிழக்கே கோயில் மதில், தெற்கே குளம். வடக்கே சம்பா அறுப்புக்கு நிற்கிறது. பள்ளிக்கூடத்துப் பழைய புரொஜக்டர் கிடைக்கும், எக்ஸ்.ஜி.ஏ., 3000 ஆன்சி லூமன்ஸ் (வெளிச்ச அளவு) என்று முதுகில் எழுதியிருக்கிறது. மைக் செட்காரர் டாப் பாக்ஸ் இரண்டு, பேஸ் பாக்ஸ் இரண்டு, குழாய் ஒலிபெருக்கி நான்கு தருவதாகச் சொல்கிறார். லேப்டாப் இருக்கிறது. திரையை 16 அடி அகலத்துக்குக் கட்ட வேண்டும் என்று பையன்கள் ஆசைப்படுகிறார்கள். தை மாசப் பனியையும், வெளிச்சத்தைப் பார்த்து வயலிலிருந்து வரும் பூச்சியையும் நினைத்தால்தான் யோசனையாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.


பழையரீல் எழுதியது:

முதலில் ரீமேக் விஷயம். ‘மிஸ்ஸியம்மா’ கறாராகச் சொன்னால் ரீமேக் இல்லை. தெலுங்கு ‘மிஸ்ஸம்மா’வையும் தமிழையும் விஜயா நிறுவனம் ஒரே சமயத்தில் எடுத்தது. இரண்டுக்கும் எல்.வி. பிரசாத்தான் இயக்குநர். மூலக்கதை வங்காள நாடகம். தெலுங்குப் படம் 1955 ஜனவரி 12 அன்றும், தமிழ்ப் படம் இரண்டு நாள் கழித்துப் பொங்கலுக்கும் வெளிவந்தன. உங்கள் விழாவுக்கு அதுவே பொருத்தம்.

‘மனிதன் மாறவில்லை’தான் அசல் ரீமேக். 1962ல் தெலுங்கில் வந்த ‘குண்டம்மா கதா’வை அடுத்த வருஷமே தமிழில் எடுத்தார்கள். அந்தத் தெலுங்குப் படமே 1958ல் வந்த ஒரு கன்னடப் படத்திலிருந்து பிறந்தது. தமிழுக்கு வரும்போது என்.டி. ராமராவ் இடத்தில் ஜெமினி கணேசன், சூரியகாந்தம் இடத்தில் சுந்தரிபாய். நாகேஸ்வர ராவ், சாவித்திரி, ஜமுனா, ரங்காராவ் நால்வரும் இரண்டிலும் உண்டு. அது வீடு அதிரச் சண்டை போடும் படம், குரல் ஓங்கியே இருக்கும். அதனால் சத்தம் சுமாராக இருந்தாலும் தப்பித்துவிடும்.

‘மிஸ்ஸியம்மா’ அப்படி இல்லை. வேலைக்காகப் புருஷன் பெண்டாட்டி என்று பொய் சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்த இருவர், ஊர் காதில் விழாமல் தங்களுக்குள் சண்டை போடுவதுதான் படம். பாதி சிரிப்பு தாழ்ந்த குரலில் வருகிறது. துப்பறியும் மருமகன் வேடம் தெலுங்கில் நாகேஸ்வர ராவுக்கு. அங்கே அவர் கிட்டத்தட்ட இரண்டாவது கதாநாயகன். தமிழில் அதைத் தங்கவேலுவிடம் கொடுத்ததும் காட்சியின் எடையே மாறிவிட்டது. காரைக்கால் அருணாசலம் தங்கவேலு நம்ம பக்கத்து மனிதர். ஒரு சொல்லை இழுத்து, நிறுத்தி, கடைசி எழுத்தைத் தாழ்த்திப் போடுவார். அந்தக் கடைசி எழுத்து காதில் விழாவிட்டால் சிரிப்பே வராது. வசனமும் பாட்டும் தஞ்சை ராமையாதாஸ். இசை எஸ். ராஜேஸ்வர ராவ். தியாகராஜரின் ‘ராகசுதாரஸ’ கீர்த்தனையும் பி. லீலா குரலில் உண்டு. திருவையாற்றுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தனி சந்தோஷம். என் ஓட்டு ‘மிஸ்ஸியம்மா’வுக்கு. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தால் காசும் உழைப்பும் முதலில் சத்தத்துக்குப் போகட்டும், திரைக்கு அப்புறம்.

இனி பிரதி. கிடைத்த கோப்பை அப்படியே ஓட்டிவிடாதீர்கள். நான்கு சோதனை செய்யுங்கள்.

படம் மூன்று மணி நேரத்தை ஒட்டியது. கையில் உள்ள கோப்பு இரண்டேகால், இரண்டரை மணி என்றால் டி.வி.க்காக வெட்டியது. அதை விட்டுவிட்டு வேறு தேடுங்கள்.

அந்தக் காலத்துச் சட்டகம் அகலம் நாலுக்கு உயரம் மூன்று. சில பிரதிகளில் அதை அகலத் திரைக்கு இழுத்திருப்பார்கள், முகமெல்லாம் பரந்து தெரியும். லேப்டாப்பில் படம் ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளில் ‘ஏ’ விசையைத் தட்டித் தட்டி 4:3க்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். வேறு சிலவற்றில் மேலும் கீழும் நறுக்கி அகலமாக்கியிருப்பார்கள், அதைச் சரிசெய்யவே முடியாது. டைட்டில் எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: மேல் வரி கூரையில் இடிக்கிற மாதிரி இருந்தால் நறுக்கியது.

மூன்றாவது வேகம். ஃபிலிம் நொடிக்கு 24 சட்டகம். 25 சட்டகமாக ஓட்டிப் பதிவு செய்த பிரதியில் மூன்று மணி நேரத்துக்கு 7 நிமிஷம் குறையும், சுருதியும் கால் கட்டைக்கு மேல் ஏறிவிடும். ஏ.எம். ராஜா குரல் மெலிந்து கேட்கும். பாட்டுக் கேட்ட காதுகள் நிறைந்த ஊரில் இது உடனே உறுத்தும். ஆனால் கோப்பில் 25 என்று காட்டினாலே வேகமானது என்று முடிவு கட்டக்கூடாது. கேமரா பக்கவாட்டில் நகரும் இடமாகப் பார்த்து ‘ஈ’ விசையால் ஒவ்வொரு சட்டகமாக நகர்த்துங்கள். 25ல் ஒன்று முந்தையதையே திருப்பிக் காட்டினால் வேகம் சரியாக இருக்கிறது, தொட வேண்டாம். எல்லாம் புதுசு புதுசாக வந்தால்தான் ஓட்டம் கூடியது. அப்போது வி.எல்.சி. கீழ்ப்பட்டையில் 1.00 என்று தெரிவதைச் சொடுக்கி 0.96 ஆக்குங்கள். அதோடு ஆடியோ செட்டிங்சில் ‘டைம் ஸ்ட்ரெட்சிங்’ டிக்கை எடுத்துவிட வேண்டும். அது இருந்தால் வேகம் குறையும், சுருதி மட்டும் ஏறினபடியே நிற்கும்.

கடைசியாக, ஆள் அசையும்போது ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரிந்தால் ‘டீஇன்டர்லேஸ்’ போடுங்கள்.

இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டவே கூடாது. கோப்பு லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று இருக்கட்டும்.


மைக்செட் குடவாசல் எழுதியது:

தம்பி, மேலே ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இந்தப் படத்துக்குக் காதுதான் முக்கியம். மைக் செட்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது: பேஸ் பாக்ஸ் இரண்டும் வண்டியிலேயே இருக்கட்டும்.

காரணம் இது. 1955ல் ஒலி ஃபிலிம் ஓரத்தில் வெளிச்சக் கோடாகப் பதிந்தது. கீழே 100 சைக்கிள் (நொடிக்கு 100 அதிர்வு), மேலே 7000, 8000, அவ்வளவுதான் அதில் உருப்படியாக இருக்கும். அதற்குக் கீழே இருப்பது மின்சார இரைச்சலும் பழைய பிரதியின் கடகடப்பும். பேஸ் பாக்ஸ் அதைத்தான் பெரிதாக்கும். மேலே இருப்பது வெறும் ‘ஸ்ஸ்’. ட்ரெபிளைத் திருகினால் பேச்சு தெளியாது, எண்ணெய்ச் சட்டி பொரிவது மாதிரிதான் கேட்கும்.

மிக்சரில் 100க்குக் கீழே வெட்டுங்கள். 8000க்கு மேலே இறக்குங்கள். 2000, 3000 பக்கம் 3 டெசிபல் மட்டும் ஏற்றுங்கள்; சொல்லின் ஓரம் அங்கேதான் இருக்கிறது. அதற்கு மேல் ஏற்றினால் சாவித்திரி குரல் தகரமாகிவிடும். எக்கோ குமிழ் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். திருவிழா அறிவிப்புக்கு வைத்த எக்கோவை அணைக்க மறந்துவிடுவார்கள். காட்சி தொடங்குமுன் கைவைத்துப் பார்த்துவிடுங்கள்.

டாப் பாக்ஸ் இரண்டையும் திரைக்கு இரண்டு பக்கமும், தரையிலிருந்து ஆறடி உயர ஸ்டாண்டில் வையுங்கள். முகம் நேர் எதிரே இல்லாமல் கூட்டத்தின் மூன்றில் இரண்டு பங்குத் தொலைவைப் பார்க்கட்டும். மதிலுக்கு ஒட்டி வைத்தால் அடிக்குரல் ஊதிப்போய்க் கேட்கும். மூன்றடியாவது முன்னே தள்ளுங்கள்.

நான்கு குழாயைத் தெருவில் கட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சத்தம் ஒரு அடி போக ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகும். நூறடி தள்ளி இருக்கும் குழாயின் சத்தம் திடலுக்கு 90 மில்லி செகண்ட் பிந்தி வரும். 50ஐத் தாண்டினாலே காதுக்கு இரண்டாகக் கேட்க ஆரம்பிக்கும். பாட்டுக்கு அது பெரிசாகத் தெரியாது. வசனத்தில் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று. சிரிப்பு எழுந்தால் அடங்க மூன்று, நான்கு நொடி ஆகும், அதற்குள் அடுத்த வசனம் போய்விடும். மிக்சர் பக்கத்தில் படம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து, சிரிப்பு வரும் இடத்துக்குப் பின் சத்தத்தை ஒரு கோடு ஏற்றி மறுபடி இறக்க வேண்டும். அதற்காக அவர் முந்தின நாள் ஒரு தடவை முழுப் படமும் பார்த்திருக்க வேண்டும்.


கோரையாற்றங்கரை எழுதியது:

ரொம்ப நன்றி ஐயா, நன்றி அண்ணே. நேற்று மிக்சரில் போட்டுப் பார்த்தோம். இரண்டு சந்தேகம். லேப்டாப்பில் ஹெட்ஃபோனில் பேச்சு நன்றாகக் கேட்கிறது. அதையே மிக்சரில் இடது வலது இரண்டையும் சேர்த்து மோனோ ஆக்கினால் குரல் அப்படியே அமுங்கி, காற்று சத்தம் மட்டும் வருகிறது. வயரை மாற்றியும் அதேதான். இன்னொன்று, லேப்டாப் சார்ஜரைச் சொருகினதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம்.


மைக்செட் குடவாசல் எழுதியது:

வயரில் ஒரு குற்றமும் இல்லை தம்பி. உங்கள் பிரதியில் யாரோ மோனோவை ஸ்டீரியோ மாதிரி காட்ட ஒரு பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார்கள். இடது ஏறும்போது வலது இறங்கும். தனித்தனியாகக் கேட்டால் தெரியாது; சேர்த்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் இரண்டிலும் சமமாக இருப்பதால் அதுதான் முதலில் மறையும். வைத்தியம் சுலபம். லேப்டாப்பிலிருந்து வரும் இரண்டு பின்னில் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் எடுங்கள். அந்த ஒரே சேனலை இரண்டு பாக்சுக்கும் கொடுங்கள். எது சுத்தமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். சில பிரதிகளில் ஒரு பக்கம் கரகரப்பு அதிகம் இருக்கும்.

ரீங்காரம் எர்த் வழியாகச் சுற்றி வருவது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் நின்றுவிடும். ஆனால் மூன்று மணி நேரம் பேட்டரி தாங்காது. லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சின்னப் பெட்டி ஒன்று போடுங்கள், மைக் செட்காரரிடமே இருக்கும். புரொஜக்டர், லேப்டாப், ஆம்ப் மூன்றும் ஒரே ஃபேசில், ஒரே போர்டிலிருந்து எடுக்கட்டும். எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் உடைக்காதீர்கள். பனியில் நனைந்த திடல், வெறுங்காலோடு குழந்தைகள். அந்தப் பின்தான் உயிர்.


வெளிச்சம் வலங்கைமான் எழுதியது:

16 அடித் திரை வேண்டாம். கணக்கைப் பாருங்கள். லேம்ப் பாதி வயது தாண்டியிருந்தால் 3000 லூமன்ஸ் 1500 பக்கம்தான் இருக்கும். மெனுவில் லேம்ப் ஹவர்ஸ் பார்த்துக்கொள்ளுங்கள். 16க்கு 12 அடி என்றால் 192 சதுர அடி, சதுர அடிக்கு 8 லூமன்கூட விழாது. தியேட்டரில் 16 பக்கம் விழும். 10 அடி அகலம், ஏழரை அடி உயரம் கட்டினால் 75 சதுர அடி, சதுர அடிக்கு 20. இருட்டில் பளிச்சென்று இருக்கும். 60 அடி தள்ளி உட்கார்ந்தவருக்கும் முகபாவம் தெரியும்.

பள்ளிக்கூடத்து எக்ஸ்.ஜி.ஏ. புரொஜக்டரை யாரும் பழசு என்று ஒதுக்காதீர்கள். அதன் சட்டகமே நாலுக்கு மூன்று. இந்தப் படத்துக்காகவே செய்த மாதிரி. புது அகலத் திரை புரொஜக்டரில் இரண்டு ஓரமும் கறுப்பாகி வெளிச்சத்தில் கால் பங்கு வீணாகும். பல எக்ஸ்.ஜி.ஏ. மாடலுக்கு, படம் எவ்வளவு அகலமோ அதைப் போல இரண்டு மடங்கு தூரம் வேண்டும். ஆகவே திரையிலிருந்து 20 அடி. கூட்டத்துக்கு நடுவில் வரும், தப்பில்லை. நாலடி உயர மேசையில் வைத்து, சுற்றி மூன்றடிக்குக் கயிறு கட்டிவிடுங்கள். திரையின் அடி விளிம்பு தரையிலிருந்து ஐந்தடியில் இருந்தால் தலை மறைக்காது. பாயில் உட்காருபவர்கள் முன்னால், நாற்காலி பின்னால். முதல் பாய் திரையிலிருந்து 15 அடி தள்ளி. சாய்த்துவைத்து ‘கீஸ்டோன்’ போட்டு நேராக்குவதை முடிந்தவரை தவிருங்கள், எழுத்து மங்கும். மேசைக் காலுக்குக் கட்டை வைத்து உயரத்தையே சரிசெய்யுங்கள்.

கருப்பு வெள்ளைப் படத்துக்கு மெனுவில் ‘சினிமா’ மோடு, கலர் பூஜ்யம். பல பிரதிகளில் பச்சையோ ஊதாவோ ஒரு சாயல் ஓடும், கலரை இறக்கினால் போய்விடும். ‘டைனமிக்’ மோடு வேண்டவே வேண்டாம். ‘வாராயோ வெண்ணிலாவே’ காட்சியை வைத்து அளவு பாருங்கள். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் அந்த நிலா வெளிச்சத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம். சாவித்திரியின் முகத்தில் வெளிச்சம் படும் பக்கமும் படாத பக்கமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். படாத பக்கம் கறுப்பில் கரைந்தால் பிரைட்னஸ் இரண்டு கோடு ஏற்றுங்கள். புடவை மடிப்பு வெளுத்துப் போனால் கான்ட்ராஸ்ட் இறக்குங்கள். இந்த ஒரு காட்சி சரியாக வந்தால் மீதிப் படம் தானாகச் சரியாக வரும்.

திரையைக் கிழக்கு மதிலுக்கு முன்னால் கட்டுங்கள், முகம் மேற்கே பார்க்கட்டும். முன்னிரவில் நிலா எழுந்தாலும் திரையின் முதுகில்தான் விழும். துணி வேண்டாம், அச்சடிக்காத வெள்ளை ஃப்ளெக்ஸ் போதும். பத்தடி அகல ரோல் பிரிண்டிங் கடையில் கிடைக்கும், நடுவில் தையல் வராது. பளபளப்பு இல்லாத பக்கம் முன்னால். நான்கு ஓரமும் ஒன்றரை அடிக்கு ஒரு ரிங் அடித்து, சவுக்குக் கழிச் சட்டத்தில் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள்.

இப்போது பூச்சி. அறுப்புக்கு நிற்கிற வயல் பக்கத்தில் பச்சைத் தத்துப்பூச்சி, புகையான், தண்டுத் துளைப்பான் அந்து எல்லாம் வெளிச்சத்துக்கு வரும். திரையில் உட்காருவது பெரிசில்லை. புரொஜக்டரின் காற்றுத் துவாரம் வழியாக உள்ளே இழுபட்டு லேம்பில் கருகும். நாற்றம் வரும். ஃபில்டர் அடைத்தால் சூடேறி தானாக அணைந்துவிடும். ஃபில்டரில் வலை கட்டினால் காற்று குறைந்து அதே கதைதான். புரொஜக்டர் மேசையைச் சுற்றிக் கொசுவலையைத் தளர்வாக, நாலு பக்கமும் இரண்டடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். லென்சுக்கு எதிரே மட்டும் ஒரு சாண் வட்டம் திறந்திருக்கட்டும். அதைவிட முக்கியம், பூச்சியை வேறு பக்கம் இழுப்பது. வயல் வரப்பில், திடலிலிருந்து நூறடி தள்ளி, வெள்ளை டியூப் லைட் இரண்டு, கீழே அகலத் தொட்டியில் தண்ணீரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும். வயலில் வைக்கிற அதே விளக்குப் பொறிதான். ஆறு மணிக்கு முன்பே எரியட்டும். திடலுக்குள் மஞ்சள் பல்பு மட்டும்.

பனி எட்டரை மணிக்கு மேல் இறங்கும். ஓடிக்கொண்டிருக்கும் புரொஜக்டர் சூடாக இருப்பதால் லென்ஸ் வியர்க்காது. அணைத்துவைத்தால் வியர்க்கும். தலைக்கு மேல் இரண்டு கீற்றுப் போட்டுச் சின்னப் பந்தல் போதும். பிளாஸ்டிக் தார்ப்பாயால் சுற்றி மூடினால் வெப்பம் தங்கிவிடும்.

மின்சாரம்: மொத்தச் சுமை ஒன்றரை கிலோவாட்டுக்குள்தான். கோயில் மீட்டரிலிருந்து 50 மீட்டர் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுங்கள், அழுத்தம் ஐந்தாறு வோல்ட்டுக்கு மேல் விழாது. புரொஜக்டருக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் 1 கே.வி.ஏ. யு.பி.எஸ். வேண்டும். கரண்ட் சட்டென்று போனால் ஃபேன் நின்று, சூட்டில் லேம்ப் வெடிக்கும் வாய்ப்பு உண்டு. ஜெனரேட்டர் வைத்தாலும் நடுவில் யு.பி.எஸ். இருக்கட்டும்.


பழையரீல் எழுதியது:

ஃப்ளெக்ஸ் விஷயத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. தை மாசம் வாடை இன்னும் ஓயாது, வடகிழக்கிலிருந்து வரும். கோயில் மதில் கொஞ்சம் மறைக்கும், ஆனால் மதிலுக்கு மேலே தாண்டி வரும் காற்று ஃப்ளெக்ஸைப் பாய்மரம் மாதிரி ஊத வைத்து ‘படார் படார்’ என்று அடிக்கும். தாழ்ந்த குரல் வசனத்தை அந்தச் சத்தமே கொன்றுவிடும். கெட்டி காடாத் துணி இரண்டு மடிப்பாக இருந்தால் காற்று கசிந்து போகும், சத்தம் வராது. தையல் வந்தால் நடுவில் வராமல், கீழிருந்து இரண்டடி மேலே வரும்படி வெட்டித் தைக்கலாம். பெரும்பாலும் முகம் அங்கே வராது.


வெளிச்சம் வலங்கைமான் எழுதியது:

ஐயா சொல்வது சரிதான், காற்று அடிக்கும் நாளாக இருந்தால் துணியே மேல். ஒற்றை மடிப்பு மட்டும் கூடாது, வெளிச்சத்தில் பாதி பின்னால் போய்விடும். துணிக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்று சேர்த்துக் கட்டினால் கறுப்பு இன்னும் கறுப்பாகத் தெரியும். இரண்டில் எதுவானாலும் அடி விளிம்பில் குழாய் மாதிரி மடித்துத் தைத்து மூங்கிலைச் செருகி, இரண்டு முனையிலும் மணல் மூட்டை கட்டுங்கள்.


உரிமம் தஞ்சை எழுதியது:

அனுமதி பற்றி யாரும் சொல்லவில்லையே, அதனால் சுருக்கமாக.

பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கு, அது வெளியான வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருஷம். 1955 படத்துக்கு 2015 கடைசியோடு முடிந்தது. 1963 படத்துக்கு 2023 கடைசியோடு. ஆனால் படம் வேறு, அதற்குள் இருக்கும் பாட்டு, வசனம், இசை வேறு. அவற்றுக்கு எழுதியவர் மறைந்த பின் 60 வருஷம். தஞ்சை ராமையாதாஸ் மறைந்தது 1965, ஆகவே அவர் எழுத்துக்கு 2025 முடிய. ராஜேஸ்வர ராவ் மறைந்தது 1999, இசைக்கு 2059 வரை ஓடும். தொழில்முறை அல்லாத மன்றம் கட்டணம் வாங்காத கூட்டத்துக்கு இலக்கிய, நாடக, இசைப் படைப்பை நிகழ்த்துவதற்குச் சட்டத்தின் 52வது பிரிவில் விலக்கு உண்டு. அதனால் டிக்கெட் வேண்டாம், உண்டியல் வேண்டாம், கடை விளம்பரம் வாங்கி நடுவில் காட்டவும் வேண்டாம்.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். ராத்திரி 10 மணி முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பொதுவில் படம் காட்டுவதற்குத் தனியே 1955ஆம் வருஷத்துச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. ஊர் விழா, கட்டணம் இல்லை என்று எழுதி தாசில்தார் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தெருவிளக்கை அந்த மூன்று மணி நேரம் அணைத்துவைக்க ஊராட்சியிலும் ஒரு கடிதம் கொடுங்கள்.


கோரையாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் கோடி நன்றி. ஒரு சேனலை மட்டும் எடுத்ததும் குரல் முழுசாகத் திரும்பிவிட்டது. காடாத் துணி இரண்டு மடிப்பு, பத்துக்கு ஏழரை, கறுப்பு முதுகு என்று முடிவு. பையன்களும் கணக்கைப் பார்த்து ஒத்துக்கொண்டார்கள். சுருதிப் பெட்டி வைத்துப் பார்த்ததில் எங்கள் பிரதி ஏறித்தான் இருக்கிறது, சட்டகமும் எல்லாம் புதுசாகவே வருகிறது. 0.96ல் ஓட்டப் போகிறோம். ஆறரைக்கு ஆரம்பித்தால் பத்துக்குள் முடியுமா? இடைவேளை எங்கே விடுவது?


வெளிச்சம் வலங்கைமான் எழுதியது:

தை முதல் வாரம் நம்ம பக்கம் ஆறு மணி சுமாருக்குச் சூரியன் மறையும். ஆறரைக்குத் திரை தெரியும் அளவு இருட்டிவிடும். படம் மூன்று மணி, இடைவேளை பத்து நிமிஷம், ஒன்பதே முக்காலுக்குள் முடிந்துவிடும். வரவேற்புரை இருந்தால் ஆறு மணிக்கே முடித்துவிடுங்கள். ஆறரையைத் தாண்டி ஒவ்வொரு ஐந்து நிமிஷமும் கடைசிக் காட்சியிலிருந்து எடுக்கிற ஐந்து நிமிஷம்.

இடைவேளையில் புரொஜக்டரை அணைக்காதீர்கள். அணைத்தால் சூடு ஆறும் வரை லேம்ப் மறுபடி எரியாது, லென்சும் பனியில் வியர்த்துவிடும். ரிமோட்டில் ‘பிளாங்க்’ அழுத்தித் திரையைக் கறுப்பாக்கினால் போதும். லென்சில் மூடி போட்டால் சூட்டில் மூடி உருகும்.


பழையரீல் எழுதியது:

எங்கே நிறுத்துவது என்றால், ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி ஒரு காட்சி முடிந்து திரை மெல்ல முழுக் கறுப்பாகும் இடம் ஒன்று வரும், அதைக் குறித்துவைத்து அங்கே நிறுத்துங்கள். பாட்டுக்கு முன்னால் வரும் பேச்சின் நடுவில் நிறுத்தவே கூடாது. மறுபடி தொடங்கும்போது அரை நிமிஷம் பின்னால் போய் ஆரம்பியுங்கள்; சுண்டல் பொட்டலத்தோடு வந்து உட்கார அந்த நேரம் வேண்டும். முதல் ஐந்து நிமிஷம் மைக் செட்காரரைக் கடைசி வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போதும் தங்கவேலு சொல்லின் கடைசி எழுத்து அவருக்குக் கேட்டால், அந்த அளவிலேயே குமிழை விட்டுவிடலாம்.